கவிழ்த்த அட்டை

கட்டிங் மாஸ்டருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிச் சீருடை தைக்கும் இடம் அது. நாற்பது அடுக்குத் துணியை நீள மேசையில் விரித்து, மேலே சட்டை வடிவில் வெட்டிய அட்டையை வைத்து, சாக்கட்டியால் கோடு இழுத்து, மோட்டார் கத்தியை உள்ளே விடுவது அந்த அம்மாளின் வேலை. கத்தி ஒரு நூல் விலகினால் நாற்பது சட்டை குப்பைக்குப் போகும். இருபது வருடத்தில் அப்படிப் போனது ஒரே ஒரு முறை, அதுவும் மின்சாரம் விட்டுவிட்டு வந்த ஒரு நாளில். ஆகவே அவள் ஒன்று சொல்லிவிட்டால் அங்கே யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. சங்கடம் என்னவென்றால், அந்த அதிகாரத்தை அவள் சாயங்காலம் மேசையிலேயே வைத்துவிட்டு வருவதில்லை. வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

வீட்டில் அவளைத் தவிர இரண்டே பேர். கணவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். ஊரில் உள்ள ஃபிரிட்ஜையெல்லாம் குளிர வைக்கிறேன், வீட்டில் ஒரே ஒரு ஆளைக் குளிர வைக்க முடியவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். மகளுக்கு எட்டு வயது. எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள். அப்பா அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா.

வகுப்பு டீச்சர் ஒருநாள் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினாள். "உங்க பொண்ணு அஞ்சு நிமிஷத்துல கணக்கை முடிச்சுட்டு மிச்ச நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கா. இங்க அவளுக்குப் போடறதுக்கு என்கிட்ட தீனி இல்ல. பெரிய ஸ்கூல்ல சிறப்பு வகுப்புக்குப் பரீட்சை வெக்கிறாங்க. எழுத வையுங்க" என்றாள். இருபத்தைந்து இடம். எழுதுவது ஆயிரத்துக்கும் மேல். எட்டு வயதில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம், விட்டால் விட்டதுதான். அன்றைக்குப் பிடித்தது மாஸ்டருக்கு அந்தப் பரீட்சைக் காய்ச்சல்.

"டியூஷன் சென்டர் ஒண்ணு இருக்காமே, இதுக்குன்னே சொல்லித் தராங்களாம்" என்றார் கணவர்.

மாஸ்டர் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பகுதி. முதலில் சொற்கள், அடுத்தது எண்கள், மூன்றாவது உருவங்கள். அந்த மூன்றாவதில் இரண்டிரண்டாக உருவங்கள் வரைந்திருக்கும். முதல் உருவத்தைச் சுழற்றினால் இரண்டாவது கிடைக்குமா, ஆம் அல்லது இல்லை. பரீட்சையில் பகுதிக்கு இருபது கேள்வி, கேள்விக்கு ஒரு மதிப்பெண்; புத்தகத்தில் அப்படி இரண்டு மாதிரித் தாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கா டியூஷன்? உருவத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்" என்றாள். கணவர் தன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

பத்து வாரம். தினம் விடியற்காலை ஐந்தரைக்கு ஜட்ஜம்மாவை எழுப்பி, முகம் கழுவ வைத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்த்துவாள். எதிரே அலாரம் கடிகாரம். சொல்லுக்கும் எண்ணுக்கும் பிள்ளைக்கு உதவியே தேவைப்படவில்லை. உருவங்களுக்குத்தான் மாஸ்டர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். புத்தகத்தில் இருக்கிற உருவத்தை அட்டையில் வெட்டி, கையில் கொடுத்து, பொருத்திப் பார்க்கச் சொன்னாள். எந்த டியூஷன் சென்டரில் இப்படிச் செய்வான்?

இரண்டாவது வாரம் ஜட்ஜம்மா பின்பக்கத்து விடைகளைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆறாவதுக்கு 'இல்லை'ன்னு போட்டிருக்கு. நாம 'ஆம்'னு போட்டோம்" என்றாள்.

"எங்கே, காட்டு." மாஸ்டர் அட்டையை எடுத்தாள், இரண்டாவது உருவத்தின் மேல் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "பொருந்துதா?"

"பொருந்துது."

"அப்ப 'ஆம்'தானே?"

பிள்ளை அட்டையைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். "ஆனா புக்ல…"

"புக்கை எழுதினவன் ஒரு சட்டை வெட்டியிருப்பானா? இருபது வருஷமா வெட்டறேன்டி நான். அச்சுல தப்பு விட்டிருக்கான்" என்று சொல்லி, விடையைச் சிவப்புப் பேனாவால் அடித்து மேலே 'ஆம்' என்று எழுதினாள். அப்படியே மற்றப் பக்கங்களையும் சோதித்தபோது மேலும் பதினெட்டு இடங்களில் தப்பு இருந்தது. அத்தனையையும் திருத்தினாள். மனதுக்குள் ஒரு பெருமை வேறு. ஜட்ஜம்மா அதற்கப்புறம் கேள்வி கேட்கவே இல்லை. அம்மா சொன்னபடி 'ஆம்' போட்டாள், அம்மா முதுகில் தட்டிக்கொடுத்தாள். பிள்ளை புரிந்துகொண்டுவிட்டாள் என்று மாஸ்டர் நினைத்தாள். நினைக்க மாட்டாளா பின்னே?

பரீட்சை நாள் காலை ஒன்பதே காலுக்கெல்லாம் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பெற்றோருக்கு முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை, கீழே நீள பெஞ்சுகள். ஒன்பதரைக்கு மணி அடித்தது. ஒவ்வொரு பகுதிக்கும் அரை மணி. பத்தரைக்கு உருவங்கள், பதினொன்றுக்கு முடிந்துவிடும். கொட்டகையில் ஒருவரும் உருப்படியாக உட்காரவில்லை. கர்ச்சீப்பை முறுக்குகிறவர், நகத்தைக் கடிக்கிறவர், போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டு மறுபடி எடுக்கிறவர். மாஸ்டருக்குப் பயத்தை மறைக்கத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, பெருமை பேசுவது. பக்கத்தில் இருந்தவர் அகப்பட்டுக்கொண்டார். செருப்புக் கடை வைத்திருப்பவர், அவருடைய மகனும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தான்.

"இந்த புக்கை நம்பியா அண்ணே பிள்ளையை அனுப்பினீங்க? உருவம் பகுதியில மட்டும் பத்தொன்பது தப்பு. நான் உட்கார்ந்து திருத்தினேன்" என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

செருப்புக் கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், அடுத்த பக்கம் பார்த்தார். "இல்லையேம்மா, சரியாத்தானே போட்டிருக்கான்" என்றார்.

மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எது சரி? நான் அட்டையில வெட்டி வெச்சே பார்த்துட்டேன்."

"கோவிச்சுக்காதேம்மா." அந்த மனுஷன் சாவகாசமாகக் குனிந்து, காலில் இருந்த செருப்பு இரண்டையும் கழற்றி பெஞ்சுமேல் வைத்தார். சுற்றி இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. "இது இடது கால். இதை எவ்வளவு வேணாலும் சுத்து. இப்படிச் சுத்து, அப்படிச் சுத்து. வலது கால் செருப்பு ஆகுமா? ஆகாது. கவிழ்த்துப் போட்டாதான் அதே வடிவம் வரும். சுழற்றினா வருமான்னுதான் கேட்டிருக்கான், கவிழ்த்தா வருமான்னு கேட்கல."

"ஆகும்" என்றாள் மாஸ்டர். வாய்தான் சொன்னது. கை அதற்குள் பையில் துழாவிக் கத்தரியை எடுத்துவிட்டது. கத்தரி இல்லாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. புத்தகத்தின் மேலட்டையைக் கிழித்து, ஆறாவது கேள்வியின் உருவத்தை வெட்டினாள். கோடு போடாமலே வெட்டினாள், மயிரிழை பிசகவில்லை. எடுத்து இரண்டாவது உருவத்தின் மேல் வைத்தாள். பொருந்தியது. "பாருங்க!"

"தூக்கி வெச்சியேம்மா. தூக்காம வை."

"என்ன?"

"அட்டையை முதல் உருவத்து மேல வெச்சு, தூக்காம, விரலாலயே ரெண்டாவதுக்குத் தள்ளிச் சுத்து."

மாஸ்டர் அட்டையை வைத்து, ஆள்காட்டி விரலால் அழுத்திச் சுற்றினாள். பொருந்தவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றினாள். முழுச் சுற்று வந்தது. இடப்பக்கம் சுற்றினாள். எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் ஒரு மூலை எதிர்ப்பக்கமே நீட்டிக்கொண்டு நின்றது. கை தானாக அட்டையைத் தூக்கப் போனபோதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள்.

சட்டைக்குக் கை இரண்டு, அட்டை ஒன்று. அப்படியே வைத்து வெட்டினால் இடது, கவிழ்த்து வைத்து வெட்டினால் வலது. சீருடைத் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதமும் கிடையாது. இருபது வருடமாக அட்டையை எடுக்கும்போதே விரல்கள் அதைக் கவிழ்த்துவிடும். கவிழ்க்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. இரண்டு இடது கை வெட்டிய பையனை வேலையை விட்டே துரத்துகிற அளவுக்குச் சத்தம் போட்டவள், சாப்பாட்டு மேசையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டும் ஒன்றுதான் என்று பத்து வாரம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பத்தொன்பது சரியான விடைகளை அடித்திருக்கிறாள்.

முற்றத்துக் கடிகாரத்தில் மணி பத்து அடிக்க மூன்று நிமிடம்.

மாஸ்டர் எழுந்து நேரே கதவுக்குப் போனாள். அங்கே ஒரு பெண் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை."

"முடியாதும்மா."

"பகுதிக்குப் பகுதி நடுவுல வெளிய விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. பாத்ரூமுக்குக்கூட கூடவே ஒரு மிஸ் வருவாங்க." காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்ததில் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினாள். "பெத்தவங்க யாராவது பேசினாலோ, கைகாட்டினாலோ, அந்தப் பிள்ளையோட பேப்பரைத் தனியா எடுத்து வெச்சுடுவாங்க. திருத்தவே மாட்டாங்க. போன வருஷம் ஒரு அப்பா தண்ணி பாட்டில் குடுக்கறேன்னு எட்டிப் பார்த்தார். அவர் பையன் அழுதுட்டே போனது இன்னும் என் கண்ணுலயே இருக்கு. போய் உட்காருங்க."

மாஸ்டர் உட்காரவில்லை. சுவரோரமாகப் போய்க் கணவருக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, பிள்ளையைக் கெடுத்துட்டேன்."

"ஐயோ, என்ன ஆச்சு? விழுந்துட்டாளா?"

விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, அது நின்றது. "சரி, விடு. அவ நம்ம ஜட்ஜம்மா. நல்லா யோசிச்சுத்தான் போடுவா" என்றார்.

"யோசிக்க விட்டேனா நான் அவளை?"

டியூஷன் பேச்சை அவர் எடுக்கவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்றது. எடுத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

இருபது கேள்வியில் குறைந்தது பத்து கவிழ்த்ததாக இருக்கும். பத்து மதிப்பெண் போனால் இருபத்தைந்து பேரில் எங்கே, இருநூறு பேரில் கூட வர முடியாது. சொல்லிலும் எண்ணிலும் பிள்ளை வெளுத்து வாங்கியிருப்பாள். எல்லாம் இந்த ஒரு பகுதியில் போகும், அம்மா சொல்லிக் கொடுத்த பகுதியில். நின்ற இடத்திலேயே அட்டையைக் கைக்குள் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணி அடித்தது. அந்தச் சத்தம் அவளைப் பிடித்துத் தள்ளியது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். சைக்கிள் நிறுத்துமிடம், உடைந்த மேசைகள், குழாயடி. அதைத் தாண்டி வரிசையாக ஜன்னல்கள். முதல் ஜன்னலில் முகமறியாத பிள்ளைகள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில், கண்ணாடிக்கு நாலடி தூரத்தில், ஜட்ஜம்மா இருந்தாள்.

கேள்வித்தாளில் மூன்றாம் பகுதியின் முதல் பக்கத்தை அப்போதுதான் திறந்திருந்தாள். பென்சிலைக் கையில் எடுக்கவில்லை. தாளைச் சுற்றவும் இல்லை, தலையைச் சாய்க்கவும் இல்லை. கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வை பார்க்கும் டீச்சர் அறையின் அந்தக் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. கண்ணாடியில் ஒரு தட்டு. பிள்ளை திரும்புவாள். கவிழ்க்காதே என்று கையால் காட்டினால் போதும், அவள் கற்பூரம், பிடித்துக்கொள்வாள்.

மாஸ்டர் கையைத் தூக்கினாள். விரல் மடங்கிக் கண்ணாடிக்கு அருகே போயிற்று. டீச்சர் திரும்பிவிட்டால்? பத்து மதிப்பெண் போய்ப் பிள்ளை தோற்பது ஒன்று, அறுபதும் போய், எல்லோர் எதிரிலும் தாளைப் பிடுங்கி அனுப்புவது வேறு. கை அந்தரத்திலேயே நின்றது. மோட்டார் கத்தியைப் பிடித்து ஒருநாளும் தயங்காத கை.

அந்த நேரம் பார்த்து ஜட்ஜம்மா தானாகவே தலையைத் தூக்கினாள்.

அம்மாவைப் பார்த்தாள். வெளியே அம்மாவைக் கண்ட பிள்ளையின் முகம் மலரும் என்றுதானே நினைப்போம். மலரவில்லை. பேனாவை உடைத்துவிட்டு மறைக்கும்போது மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் போல வெளுத்துப்போயிற்று. சட்டென்று குனிந்துகொண்டாள், பென்சிலை எடுத்தாள், அவசரமாக ஏதோ விடை வட்டத்தைக் கருப்பாக்கினாள்.

மாஸ்டர் கையை இறக்கினாள். டீச்சரின் செருப்புச் சத்தம் இந்தப் பக்கமாக வந்தது. அவள் சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்து, குழாயடிக்கு வந்து, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். தட்டாமல் வந்தது சரியா, தட்டியிருக்க வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை ஏன் அப்படிப் பார்த்தாள் என்பதும் தெரியவில்லை.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். செருப்புக் கடைக்காரரின் மகன் ஓடிவந்து, "பசிக்குதுப்பா" என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவர் மாஸ்டரைப் பார்த்து ஏதோ ஆறுதலாகச் சொன்னார், அவள் காதில் விழவில்லை. ஜட்ஜம்மா கடைசியாக வந்தாள். அம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். மாஸ்டர் நெருங்க, அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"அம்மா, திட்ட மாட்டேன்னு சொல்லு."

"எதுக்குடி திட்டறேன்? நான்தான்…"

"முதல்ல சொல்லு."

"திட்டல. சொல்லு."

ஜட்ஜம்மா பென்சில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உருவத்துல நான் நீ சொன்ன மாதிரி போடல. புக்ல இருந்த மாதிரி போட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"நீ அட்டையைக் கவிழ்ப்பே. புக் கவிழ்க்கல. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது."

"அன்னைக்கேன்னா? ரெண்டாவது வாரமா? அப்புறம் ஏன்டி வீட்ல தினம் 'ஆம்' போட்டே?"

"நீ இருபது வருஷமா வெட்டறேன்னு சொன்னியே" என்றாள் பிள்ளை. குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். "வீட்ல உன்னோடதைப் போட்டுட்டு, இங்க வந்து புக்கோடதைப் போடலாம்னு வெச்சிருந்தேன். ஆனா ரெண்டே ரெண்டு மட்டும் உன்னோடதைப் போட்டுட்டேன்."

"எந்த ரெண்டு?"

"முதல் ரெண்டு. அப்பத்தான் நீ ஜன்னல்ல வந்து நின்னே. நான் என்ன போடறேன்னு பார்க்கத்தான் வந்திருக்கியோன்னு பயமாயிடுச்சு. ரெண்டுக்கும் 'ஆம்' போட்டேன். அப்புறம் பார்த்தா நீ இல்ல. அதுக்கப்புறம் எல்லாம் ஒழுங்கா போட்டேன்."

இரண்டு மார்க் போச்சேடி, அழித்துத் திருத்தி இருக்கக் கூடாதா என்பதுதான் மாஸ்டரின் வாய்க்கு முதலில் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள். பிறகு அந்த முற்றத்துச் சிமெண்டுத் தரையில், புடவை அழுக்காவதைப் பற்றிக்கூட நினைக்காமல் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் பிள்ளையின் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. தான் இல்லாத இடத்தில்தான் இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது தெரிந்ததாக இருக்கிறது என்பது அவளுக்கு விளங்கியது.

"நீ போட்டதுதான் சரி. அம்மாதான் தப்பா சொல்லிக் குடுத்தேன். புக்ல ஒரு தப்பும் இல்ல."

ஜட்ஜம்மா வழக்கம்போல இதையும் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப அந்த ரெண்டும் போச்சா?"

"போச்சு. என்னாலதான் போச்சு."

"ரெண்டு போனா இடம் கிடைக்காதா?"

"தெரியலடி. மூணு வாரம் கழிச்சுதான் சொல்லுவாங்க. கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்." கிடைக்கும், கவலைப்படாதே என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது இந்தப் பத்து வாரத்துக்குப் போதும் என்று விட்டுவிட்டாள். பிள்ளையின் கையை எட்டிப் பிடித்தாள், பிடிக்க விட்டாள் பிள்ளை. "இங்க பாரு. இனிமே நான் சொல்றது தப்புன்னு தோணிச்சுன்னா, அப்பவே என்கிட்ட சொல்லிடணும்."

"சொன்னா நீ திட்டுவே."

மாஸ்டருக்கு இல்லை என்று சொல்ல ஆசை. தன்னைத் தனக்குத் தெரியாதா?

"திட்டுவேன்தான்" என்றாள். "திட்டினாலும் சொல்லு."